தார்ச்சட்டியும் பயங்கரவாதச் சட்டமும்

எதிர்ப்பின்போது சொத்துக்கு விளையும் சேதம், இலங்கைச் சட்டத்தில் சாதாரணக் குற்றம் என்ற படியிலிருந்து பயங்கரவாதம் என்ற படிக்கு ஏறிய வரலாற்றைத் தெல்லிப்பழையில் வளர்ந்த ஓர் அரசியல்வாதியின் சிறைவாசத்தை அளவுகோலாகக் கொண்டு பார்க்க முடியும். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியில் தொடக்கக் கல்வி பெற்று, பின்னர் அவ்வூர் அடங்கிய காங்கேசன்துறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சா. ஜே. வே. செல்வநாயகம், 1958 ஏப்ரலில் சிறீ எதிர்ப்புப் போராட்டத்தில் பங்குகொண்டமைக்காக மட்டக்களப்புச் சிறையில் இரண்டு வாரத் தண்டனை அனுபவித்தார்.

மோட்டார் வாகன இலக்கத் தகடுகளில் அதுவரை இருந்த ஆங்கில எழுத்துகளை நீக்கி, சிங்கள 'சிறீ' எழுத்தைப் பொறிக்க வேண்டும் என்ற விதி 1957 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் கையெழுத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் பூசலைச் சற்றுத் தணித்தபோதிலும், 1958 மார்ச்சில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிறீ பொறித்த பேருந்துகள் வடக்குக்கு அனுப்பப்பட்டதும் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சியினர் தார்ச்சட்டியும் தூரிகையும் ஏந்தித் தகடுகளை மறைக்கத் தொடங்கினர். தெற்கில் அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. தொடருந்து நிலையங்களின் இந்திப் பெயர்களைத் திராவிட இயக்கத்தார் தார் பூசி அழித்த தமிழகத்திலும் 1950களில் இதே கருவிதான் கையாளப்பட்டது. இவை யாவும் சட்டமீறல்களே என்பதில் ஐயமில்லை. பூசியவர்களும் அதை மறுக்கவில்லை, தண்டனையை ஏற்பதே அவர்களது போராட்டமுறையின் ஒரு பகுதியாக இருந்தது. இவ்வகைச் செயல்களை எதிர்கொள்ள, பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை போதுமானதாக இருந்தது. அக்கோவை, பிறர் சொத்தைக் கெடுக்கும் குற்றத்தைச் சேதத்தின் பெறுமதியையும் தன்மையையும் கொண்டு படிப்படியாக வகுத்திருந்தது.

செல்வநாயகம் மறைந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1979 ஜூலையில் நிறைவேறிய 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வகுப்புமுறையைக் கைவிட்டது. அரசு, திணைக்களம், கூட்டுத்தாபனம், வங்கி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் சொத்துக்கோ வேறெந்தப் பொதுச்சொத்துக்கோ சேதம் விளைவிப்பதை அதன் 2ஆம் பிரிவு குற்றமாக்கியது; அதே பிரிவின் இன்னொரு வாசகம் தெருவோரத்திலும் பொது இடத்திலும் உள்ள பலகைகளின் எழுத்துகளை அதிகாரமின்றி அழிப்பதையும் சிதைப்பதையும் அப்பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்கும் தண்டனை குறைந்தது 5 ஆண்டு, கூடியது 20 ஆண்டு. வாகனத் தகடு இவ்வாசகத்துள் அடங்குமா என்பது வழக்கறிஞர் வாதிடத்தக்க கேள்வி. பெயர்ப்பலகை ஐயமின்றி அடங்கும்.

சட்டத்தை ஆக்கியோருக்குக் காரணமே இருக்கவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1975இல் யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்டிருந்தார். 1978 செப்டம்பர் 7இல் எயார் சிலோனின் அவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆயினும் விமானம் தகர்த்த குண்டையும் பலகையில் தார் பூசிய தூரிகையையும் ஒரே தண்டனை வரம்புக்குள் வைத்தபோது, சட்டம் சேதத்தை அளப்பதை விட்டுச் சொத்தின் உரிமையாளரையே அளவுகோலாகக் கொண்டது. அதனுடன் அமைச்சரின் கட்டளைப்படி 18 மாதம் வரை தடுத்துவைக்கவும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் வழி பிறந்தது. பொதுச்சொத்தைக் காக்க வேறு சட்டம் இயற்ற முடியாமலிருக்கவில்லை என்பதற்கு 1982இன் பொதுச்சொத்துகளுக்கெதிரான குற்றங்கள் சட்டம் சான்று. கடுமையானதே எனினும், அச்சட்டம் குற்றவாளியைப் பயங்கரவாதி என்று அழைக்கவில்லை.

1979இன் பொதுச்சொத்து வாசகம் யாருக்கு எதிராகப் பயன்படவில்லை என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியாகும். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில், பொலிசார் உள்ளிட்ட கும்பல்களால் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களுடனும் ஏடுகளுடனும் எரிந்தது. மாநகரசபையின் நூலகத்தைவிடத் தெளிவான பொதுச்சொத்து வேறெதுவும் இல்லை. அப்போது சட்டத்துக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை; எரித்தோர் எவரும் அதன்கீழ்த் தண்டிக்கப்படவில்லை.

2022 மே 9இல் ஆளுங்கட்சி உறுப்பினர்களின் வீடுகள் தென்னிலங்கையில் எரிக்கப்பட்டன. அரகலய எனப்பட்ட அரசெதிர்ப்பு எழுச்சி அடங்கிய ஆகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். 2023 ஜனவரி இறுதியில் கொழும்பு நீதவான் நீதிமன்றம் அச்சட்டத்தின்கீழான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. தமிழ் இளைஞர் ஆண்டுக்கணக்கில் அறிந்திருந்ததைச் சிங்கள மாணவர் சில மாதங்களில் அறிந்தனர். தண்டனைச் சட்டக்கோவையை இலங்கைக்கு அளித்த பிரித்தானியாவும் இப்பாதையில் சென்றது: அந்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டம் பயங்கரவாதத்தின் வரையறையில் சொத்துக்கு விளையும் கடுமையான சேதத்தையும் அடக்கியிருந்தது, 2025 ஜூனில் விமானப்படைத் தளமொன்றில் இரு விமானங்கள்மீது வண்ணம் தெளிக்கப்பட்டதையடுத்து, அதைச் செய்த பாலஸ்தீன் அக்ஷன் இயக்கம் அச்சட்டத்தின்கீழ் அடுத்த மாதமே தடைசெய்யப்பட்டது.

1979இன் பட்டியலில் குடிமகனின் வீடு இடம்பெறவில்லை. 1990இல் தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவின் பெரும்பகுதி மக்களற்றுப் போய் உயர் பாதுகாப்பு வலயமானது; அங்கு இடிந்தும் இடிக்கப்பட்டும் போன வீடுகளுக்கு அச்சட்டம் எந்தக் காவலும் அளிக்கவில்லை. 2013இல் தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் விடுத்தபோது, உரிமையாளர் தம் உறுதிகளுடன் சாதாரண நீதிமன்றங்களையே நாட வேண்டியிருந்தது. 2022இன் திருத்தம் தடுப்புக்காவலை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. பெயர்ப்பலகை பற்றிய வாசகத்தை அது தொடவில்லை.