சினைப்பைக் கட்டிகள்: கண்காணிப்பும் சிகிச்சையே

1809 டிசம்பரில், அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்து டேன்வில் ஊரில், மருத்துவர் இஃப்ரேம் மெக்டவல் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து சுமார் 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை அகற்றினார். அறுவைக்கு மயக்க மருந்து வராத காலம் அது. அந்தப் பெண் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கட்டி என்றால் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு இத்தகைய வெற்றிகள் வலுவூட்டின. ஆனால் இன்று நம் முன் வருபவை பெரும்பாலும் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் 3, 4 செ.மீ. நீர்க்கட்டிகள். இவற்றுக்கு முதல் சிகிச்சை முறையான கண்காணிப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மாதவிடாய் உள்ள வயதில் மாதந்தோறும் ஒரு சினைமுட்டைப்பை 2 செ.மீ. அளவுக்கு வளர்ந்து வெடிக்கிறது. வெடிக்காமல் மேலும் வளர்ந்தால் அதுவே நீர்க்கட்டியாகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று சுழற்சிகளில் தானே வற்றிவிடும். இதைக் கரைக்கக் கருத்தடை மாத்திரை தரும் பழக்கம் நீடிக்கிறது. மாத்திரையால் கட்டி விரைவாக மறைவதில்லை என்று காக்ரேன் மதிப்பாய்வு காட்டிய பின்னும் நீடிப்பது வருந்தத்தக்கது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி, மாதவிடாய் நிற்காத பெண்களில் 5 செ.மீ.க்குக் குறைந்த எளிய நீர்க்கட்டிக்குத் தொடர் ஸ்கேன்கூடத் தேவையில்லை என்கிறது.

எளியவையல்லாத கட்டிகளையும் சேர்த்துப் பார்த்தது 2019இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்த, சினைப்பைக் கட்டிகளின் ஸ்கேனை ஆராயும் ஐயோட்டா என்ற பன்னாட்டுக் குழுவின் ஆய்வு. தீங்கற்றவை என ஸ்கேனில் மதிப்பிட்டு, அறுவையின்றிக் கவனிக்கப்பட்ட 1,919 பெண்களை அது பின்தொடர்ந்தது. இரண்டாண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கட்டி தானே மறைந்தது. பரவும் புற்றுநோய் தெரியவந்தது 0.4 விழுக்காட்டினருக்கு, சினைப்பை தன் காம்பில் திருகிக்கொள்ளும் முறுக்கமும் அதே அளவே.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அவை தேர்ந்த கண்கள் பார்த்த ஸ்கேன்கள். சிறுநகர ஸ்கேன் மையத்தின் இரண்டு வரி அறிக்கையை நம்பிக் காத்திருக்கலாமா? இந்த மறுப்பின் வலிமையை ஏற்கிறேன். ஆனால் அறிக்கையின் குறைக்குப் பெண்ணின் வயிற்றைத் திறப்பது பரிகாரமாகாது. அறிக்கை திருந்த வேண்டும். அளவை மட்டும் சொல்லும் அறிக்கை பாதி அறிக்கை. உள்ளே தடுப்புச்சுவர் உண்டா, திண்மமான புடைப்பு உண்டா, அதில் டாப்ளரில் இரத்தவோட்டம் தெரிகிறதா, வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறதா, கட்டி சினைப்பையிலா, அதை ஒட்டிய கருக்குழாயிலா என்பவை இல்லாமல் முடிவெடுக்க இயலாது. சிஏ-125 இரத்தப் பரிசோதனையும் இந்த இடத்தை நிரப்பாது. மாதவிடாயின்போதும், எண்டோமெட்ரியோசிஸிலும், நம் நாட்டில் அரிதல்லாத வயிற்றுக் காசநோயிலும் அது உயரும்.

அறுவைக்கும் விலை உண்டு. எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் உருவாகும் 'சாக்லேட் கட்டி'யின் உறையை உரித்தெடுக்கையில் நல்ல சினைத்திசுவும் கூடவே போகிறது. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் அளவு குறைகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் பெறும் ஒப்புதலை நான் முழு ஒப்புதலாகக் கொள்வதில்லை.

காத்திருக்கக் கூடாத இடங்களும் தெளிவானவை. மாதவிடாய் நின்றபின் தோன்றும் திண்மக் கட்டி, புடைப்பில் இரத்தவோட்டம், வயிற்றுநீர் ஆகியவை புற்றுநோய் அறுவை வல்லுநரிடம் நேரே போக வேண்டியவை. இத்தகைய கட்டிகளில் ஊசியால் நீரை உறிஞ்சிப் பார்ப்பது ஆபத்து: கட்டியின் உறை கிழிந்து செல்கள் சிந்தினால், சினைப்பைக்குள் அடங்கியிருந்த முதல்நிலைப் புற்றுநோயின் நிலையே உயர்த்திக் கணக்கிடப்படும்.

திடீரென வரும் கடும் வலியும் வாந்தியும் முறுக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம். டெர்மாய்டு கட்டிகளில் இந்த அபாயம் கூடுதல். அப்போது மணிக்கணக்கில் தாமதம் கூடாது. அந்த அவசரத்திலும் கருநீலமாகத் தெரியும் சினைப்பையைச் செத்ததென்று வெட்டிவிட வேண்டியதில்லை. முறுக்கை அவிழ்த்துவிட்டால், கருத்துப்போன சினைப்பைகளும் பெரும்பாலும் மீண்டு, பின்னர் முட்டை வளர்க்கின்றன.