கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது? தோட்டப் பெண்களும் மார்பகப் புற்றுநோயும்

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அரச வைத்தியசாலைகளில் இதற்கான சிகிச்சை இலவசம். நோட்டன் பிரிட்ஜைச் சூழவுள்ள தோட்டங்களில் ஒரு பெண்ணுக்கு இந்நோய் வந்தால், தோட்ட மருந்தகத்திலோ டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ தொடங்கும் அலைச்சல், கண்டிக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கையில் ஒரு கடதாசி கூடுகிறது. எழுதியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். வாயால் சொல்லப்படுவது சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் சொல்லி 1987 முதல் இத்தனை வருடமாகிறது. கிளினிக் மேசைக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஒக்டோபர் மாதம் வந்தால் இளஞ்சிவப்பு ரிபன் கட்டி, கட்டியைத் தேடிப் பாருங்கள் என்கிறோம். நல்லதுதான். ஆனால் நோய் உறுதியான பிறகு அந்தப் பெண் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பேசுவோர் குறைவு. சொன்னதை விளங்கிக்கொண்டு, கேள்வி கேட்டு, முடிவெடுக்கும் இந்த ஆற்றலைத்தான் ‘சுகாதார எழுத்தறிவு’ என்கிறார்கள்.

பயாப்ஸி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தரம் 3’ என்றிருந்தால் ‘மூன்றாம் கட்டம்’ என்று நினைத்துப் பலர் உடைந்துபோகிறார்கள். இரண்டும் வேறு. தரம் என்பது, புற்றுக் கலங்கள் சாதாரண கலங்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதன் அளவு. கட்டம் என்பது நோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. அதே அறிக்கையில் ஈ.ஆர். ‘பொசிட்டிவ்’ என்று வந்தால், ஹோர்மோன் மாத்திரை பயன்தரக்கூடிய வகை என்று பொருள். ‘பொசிட்டிவ்’ என்ற சொல்லைக் கேட்டதும் பயப்பட வேண்டியதில்லை.

அந்த மாத்திரை பெரும்பாலும் டெமொக்சிபன். தினமும், குறைந்தது 5 வருடம். சிலருக்கு 10 வருடம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இடையில் நிறுத்திவிடுவது எளிது. இப்போதிருக்கும் வலிக்காக அல்ல, நோய் திரும்பி வராமலிருக்கவே அதைக் கொடுக்கிறார்கள் என்பதை யாராவது தமிழில் சொல்லியிருந்தால் பலர் நிறுத்தமாட்டார்கள்.

இதைவிட அவசரமானது காய்ச்சல். கீமோ ஏற்றிய பின் வெள்ளை இரத்தக் கலங்கள் குறையும். அந்த நாட்களில் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், லயத்தில் கொத்தமல்லித் தண்ணீரும் பெனடோலும் குடித்து விடியும்வரை காத்திருப்பது உயிராபத்து. மணித்தியாலங்களுக்குள் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போனதும் முதலில் சொல்ல வேண்டியது: “எனக்குக் கீமோ ஏத்தியிருக்கு.” நோயறிதல் அட்டையையும் காட்ட வேண்டும்.

கொழுந்து பறிப்பவருக்கு இன்னொன்றும் உண்டு. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால், அந்தப் பக்கக் கை பிற்காலத்தில் வீங்கலாம். அந்தக் கையில் முள் கீறுவதோ அட்டை கடித்த புண் கிருமி தொற்றுவதோ சிறிய விடயமல்ல. கை சிவந்து சூடாக இருந்தால் அன்றே காட்ட வேண்டும். எப்போது மலைக்குத் திரும்பலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதைச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கேட்காமல் வேலைக்கு இறங்கக்கூடாது. கேட்டாலும், கிளினிக் போன நாளுக்குப் பேர் விழாது என்பது வேறு கதை. அதைத் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கங்களும்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

நோய் இல்லாதவர்களுக்கும் ஒரு செய்தி. 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில், 35 வயதான பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை கழுத்துப் பரிசோதனையும் இலவசம். எப்போது, எங்கே என்று தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் கேட்கலாம். கட்டி வலிக்கவில்லை என்று இருந்துவிடக்கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. கட்டிகளில் அதிகமானவை புற்றுநோயுமல்ல. முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதியாகிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு.

வைத்தியர் பேசி முடித்ததும், “நான் விளங்கிக்கொண்டதைச் சொல்றேன் டொக்டர், சரியா பாருங்க” என்று திருப்பிச் சொல்லலாம். மொழி தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியை அழைக்கச் சொல்லலாம். கூட வரும் மகளோ மகனோ அங்கேயே கொப்பியின் பின்பக்கத்தில் மருந்தின் பெயர், அடுத்த திகதி, எதற்கு உடனே வர வேண்டும் என்ற மூன்றையும் தமிழில் எழுதிக்கொள்ளட்டும்.