கந்தீசா (இசைத்தொகுப்பு)

'கந்தீசா', டெல்லியைச் சேர்ந்த இந்தியன் ஓஷன் ராக் குழுவின் மூன்றாவது இசைத்தொகுப்பு. டைம்ஸ் மியூசிக் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. குழுவின் பெயரைச் சொன்னதும் ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்றும் இதுதான்.

கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்தபடியே பாடும் அசீம் சக்ரவர்த்தியும் 1990இல் தொடங்கிய குழு இது. பாஸ் கிட்டாரோடு ராகுல் ராமும், டிரம்ஸோடு அமித் கிலாமும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். முதல் தொகுப்பு 1993இல் வெளியானது. வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மியின் நினைவைப் போற்றும் சஹ்மத் அமைப்பின் கச்சேரியில், மேடையிலேயே பதிவான 'டெசர்ட் ரெயின்' 1997இல் வந்தது.

இந்திய ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிவந்த காலம் அது. 'கந்தீசா'வோ வேறு திசையில் போனது. தலைப்புப் பாடல், கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாகப் பாடிவரும் பழைய சுரியானி மொழி மன்றாட்டு. 'மா ரேவா' நர்மதை நதியைப் போற்றும் நாட்டுப்பாடல். அதைக் குழுவுக்குள் கொண்டுவந்த ராகுல் ராம், நர்மதை மக்கள் இயக்கத்தில் பங்கேற்றவர். 'ஹில்லே லே' இந்திக் கவிஞர் கோரக் பாண்டேயின் வரிகளில் பிறந்த போராட்டப் பாட்டு.

இந்த இசைக்கு விமர்சகர்கள் பெரும்பாலும் சூட்டிய பெயர் 'ஃப்யூஷன்'. அந்தப் பெயர் போதாது. இங்கே நாட்டுப்பாடல் ராக்கின் மேல் ஒட்டிய அலங்காரம் அல்ல. தபலாவின் தாளமே பாட்டின் நடையைத் தீர்மானிக்கிறது. சுரியானி தெரியாத கல்லூரி மாணவர்கள் அரங்கு நிறைய நின்று கூடவே பாடியது, எந்த மதிப்புரையையும் விட வலுவான தீர்ப்பு.

அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃபிரைடே' படத்துக்காகக் குழு உருவாக்கிய 'பந்தே' பாடல், இவர்களைத் திரைப்பட ரசிகர்களிடமும் கொண்டுசேர்த்தது.

2009 டிசம்பரில் அசீம் காலமானார். அவர் குரல் பதிவாகியிருந்த '16/330 கஜூர் ரோடு' 2010இல் வந்தது. கரோல் பாகில் குழு ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரியே தலைப்பு. ஏழு பாடல்களையும் மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜெய்தீப் வர்மா, குழுவின் கதையை 'லீவிங் ஹோம்' என்ற ஆவணப்படமாக்கினார். அதற்குத் தேசியத் திரைப்பட விருது கிடைத்தது. அந்தத் தலைப்பு, 'கந்தீசா'வில் இடம்பெற்ற ஒரு பாடலின் பெயர்.

சுஸ்மித் சென் 2013இல் விலகினார். கடம், கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ், பாடகர்கள் சுபா முத்கல், சங்கர் மகாதேவன் ஆகியோர் பங்கேற்ற 'தந்தானு' 2014இலும், புதிய உறுப்பினர்களோடு 'தூ ஹை' 2023இலும் வெளியாயின.