நீர்க்குகையும் நூற்கயிறும்

முத்துக்குளிப்பைப் பற்றி அறபு மொழியில் எழுதப்பட்டவற்றுள் இப்னு பதூதாவின் பயணக் குறிப்பு நமக்கு மிகவும் உவப்பானது. பாரசீக வளைகுடாவின் சலாபத்தை அவர் வருணிக்கிறார். குளியாளி ஆமையோட்டினாற் செய்த மூடியை முகத்தில் அணிந்து, அதே ஓட்டினாற் செய்த கவ்வியை மூக்கில் மாட்டி, இடுப்பிற் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவான். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான். மறுமுனையைப் பற்றியிருப்பவன் அதனை உணர்ந்து மேலே இழுத்து விடுவான். நமது மன்னார்க் கடலிலும் கயிறு பிடித்து மேலே இழுக்கும் முறையே முன்னர் இருந்தது. கயிறு பிடிக்க மைத்துனனையே அமர்த்துவது வழக்கம் என்று கடற்கரை ஊர்களிற் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை அவன் விரும்பமாட்டான் அல்லவா!

ஆயின் இந்த ஏற்பாடெல்லாம் தலைக்குமேல் திறந்த நீர் இருக்கும் இடத்திற்கே பொருந்தும். நீர் நிறைந்த குகையில் தலைக்குமேல் இருப்பது பாறை. வந்த வழியன்றி வேறு வழியில்லை. அங்கே ஒருவர் காணாமற் போனால் எங்ஙனம் தேடுவது? இக்கேள்விக்கு விடை காண மனிதர் கொடுத்த விலை பெரிது.

தென் பிரான்சில் சோர்க் ஆறு பிறக்கும் வோக்ளூஸ் ஊற்று ஓர் ஆழ்ந்த நீர்க்குகை. (இப்னு பதூதா பிறந்த அதே 1304ஆம் ஆண்டிற் பிறந்த இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் இவ்வூற்றின் அருகே குடியிருந்தவர் என்பதை இங்கே குறிக்காமற் செல்ல மனம் வரவில்லை.) 1878இல் ஒத்தொனெல்லி என்னும் மூழ்குநர் இதில் 23 மீட்டர் இறங்கினார். 1946 ஆகஸ்ட் 27ஆம் நாள் கூஸ்தோவும் அவர் தோழர் துமாவும் முதுகிற் காற்றுருளைகளைச் சுமந்து உள்ளே சென்றனர். கயிற்றின் மறுமுனை மேலே ஃபார்க் என்னும் கடற்படை வீரர் கையில் இருந்தது. இத்தனை முறை இழுத்தால் கயிற்றை இன்னும் விடு, இத்தனை முறை இழுத்தால் உடனே தூக்கு என்று முன்னரே பேசி வைத்திருந்தனர். முத்துச் சலாபத்தின் ஏற்பாடேதான்.

அன்று உருளைகளில் அடைக்கப்பட்ட காற்று நஞ்சாகியிருந்தது. காற்றை அடைக்கும் இயந்திரம் தன் புகையைத் தானே உறிஞ்சிக் கொண்டதே காரணமென்று பின்னர் தெரிந்தது. ஆழத்தில் இருவருக்கும் அறிவு மயங்கியது. துமா ஏறத்தாழ நினைவிழந்தார். கூஸ்தோ கயிற்றை இழுத்தார். பாறை விளிம்புகளில் உராய்ந்து சென்ற கயிற்றில் அச்செய்தி சிதைந்தது. மேலிருந்தவர் இன்னும் கயிறு கேட்கிறார் என்றெண்ணித் தளர்த்தி விட்டார்! ஏதோ கோளாறு என்று ஃபார்க்கின் உள்ளுணர்வு சொல்லி அவர் இழுக்கத் தொடங்கியதாலேயே அவர்கள் பிழைத்தனர். அடுத்த ஆண்டே அந்த ஃபார்க் மற்றோர் ஆழ்மூழ்கலில் உயிர் நீத்தார்.

குகையிற் செல்பவன் மேலிருப்பவர் கையை நம்பலாகாது, கயிற்றைத் தானே சுருளாகக் கொண்டுபோய்ப் பாறையிற் கட்டிக் கட்டி இட்டுச் செல்ல வேண்டும் என்பதே பிற்கால முறையாயிற்று. ஃபுளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த ஷெக் எக்ஸ்லி, 1979இல் வெளியிட்ட சிறுநூலில் இவ்விதிகளை வகுத்தார். திறந்த நீர்வரை அறுபடாத வழிக்கயிறு வேண்டும். காற்றில் மூன்றிலொரு பங்கையே உட்செல்லச் செலவிட வேண்டும். அவரும் 1994இல் மெக்சிகோவின் ஆழ்நீர்க்குழி ஒன்றில் மாண்டார்.

தேடும் முறையும் இக்கயிற்றிலேயே தொடங்குகிறது. தோழனைக் காணாதவன் முதலில் தன் விளக்கை மறைத்துக்கொண்டு இருளிற் பார்க்கிறான். வேறோர் ஒளி தெரிந்தால் அதுவே தோழன் இருக்குமிடம். தெரியாவிடில் வழிக்கயிற்றில் அடையாளமிட்டு, அங்கிருந்து தன் சிறுசுருளை அவிழ்த்துப் பக்கங்களைத் தேடுகிறான். பின்னர் வரும் தேடற் குழுவினர் ஒவ்வொரு கிளைக்கும் தனிக்கயிறு இடுகின்றனர். கூரையிற் காற்றறை உண்டா என்று பார்க்கின்றனர். வண்டலைக் கலக்கிவிட்டால் தம் கையே தமக்குத் தெரியாது. 2018இல் தாய்லாந்துக் குகையிற் பன்னிரு சிறுவரையும் அவர்தம் பயிற்சியாளரையும் கண்டுபிடித்த ஸ்டேன்டன், வொலாந்தன் இருவரும் கயிறிட்டுக்கொண்டே சென்று, காற்றறைதோறும் தலைநீட்டிக் குரல் கொடுத்து, மோந்து பார்த்தனர். கண்ணுக்கு முன் மூக்கே அவர்களைக் கண்டது!

2017 ஏப்ரலில் மயோர்க்கா தீவில் நடந்ததை நாம் மறப்பதற்கில்லை. நம்மைப் போல ஓர் ஆசிரியர், நிலவியல் கற்பிப்பவர், தோழரோடு சா பிக்கேத்தா குகையை ஆராயச் சென்றார். வழிக்கயிறு தவறிற்று. தேடுவதிலேயே காற்றுத் தீர்ந்தது. எஞ்சியது ஒருவருக்கே போதும். மெலிந்த உடலினரான தோழரை அனுப்பிவிட்டு, ஆசிரியர் ஒரு காற்றறையில் தங்கினார். மீட்க வந்தவர்களை முதலிற் கலங்கிய வண்டல் திருப்பி அனுப்பியது. மேலிருந்து பாறையைத் துளைத்து உணவனுப்பும் முயற்சியும் பலிக்கவில்லை. கேட்ட காற்றைச் சுவாசித்து, நீர்ப்பரப்பின் நன்னீரைப் பருகி, ஏறத்தாழ 60 மணி நேரம் இருளிற் கிடந்தபின் அவர் உயிருடன் மீட்கப்பட்டார்.

எல்லோரும் கிடைப்பதில்லை. 2010 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் வோர்ட்டெக்ஸ் ஊற்றில் மூழ்கிய ஓர் இளைஞர் திரும்பவில்லை. தேர்ந்தவர்கள் உடல் நுழையாத இடுக்குகள்வரை சென்றனர். கலையாத வண்டல், அவ்வழி எவரும் செல்லவில்லை என்று சாட்சி சொன்னது. உடல் கிடைக்கவில்லை. மதரஸாவில் நாம் ஃபிக்ஹு பாடத்தில் 'மஃப்கூத்' எனப்படும் காணாமற் போனவரின் சட்டத்தைப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறோம். மரணம் உறுதியாகும் வரை, அல்லது காழி தீர்ப்பளிக்கும் வரை, அவர் சொத்து பங்கிடப்படாது. மனைவியின் இத்தா தொடங்காது. மாணவர்க்கு அது தேர்வுக் கேள்வி. அந்தப் பெற்றோரை எண்ணும்போதுதான் அதன் பொருள் நமக்கு விளங்கிற்று. உயிரற்ற உடலைத் தேடி உயிருள்ளவர் இறங்குவது தகுமா என்று கேட்போர் உளர். அக்கேள்வியை நாம் இகழவில்லை.

தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் குழியில் 1994இல் மாண்ட ஓர் இளைஞரின் உடலை, பத்தாண்டு கழித்து 2004இல், 270 மீட்டர் ஆழத்தில் டேவ் ஷா என்னும் விமானி கண்டார். அதனோடு ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு மீண்டார். 2005 ஜனவரி 8ஆம் நாள் அக்கயிற்றைப் பற்றியே மீண்டும் இறங்கினார். உடலைப் பைக்குள் இட முயலுகையில் அவர் விளக்கின் கம்பி கயிற்றிற் சிக்கியது. மூச்சிரைத்து அங்கேயே இறந்தார். நான்கு நாட்களுக்குப் பின், எஞ்சிய கருவிகளை எடுப்பதற்காக மேலிருந்தவர்கள் கயிற்றை இழுத்தனர். இருவர் உடலும் ஒன்றாக மேலே வந்தன.