மழை ராத்திரியில் தண்டவாளத்தில் நடக்கும் பேட்ரோல்மேன்... அவர் வரலைன்னா ரயில் என்ன ஆகும்?

விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி திருச்சி பக்கம் போகும் ரயிலில், போர்த்திக்கொண்டு தூங்கும் பயணிகள் யாருக்கும் இவரைத் தெரியாது. வெளியே கொட்டும் மழையில், கையில் விளக்கோடு பாதையைப் பார்த்தபடி நடந்து போகிறார். அவர்தான் மழைக்கால பேட்ரோல்மேன்.

அரியலூரில் என்ன நடந்தது?

1956 நவம்பர் 23, அதிகாலை. சென்னையில் இருந்து இதே விருத்தாசலம் வழியில் சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. வெள்ளத்தில் பாலம் சேதமாகியிருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் பலியாகினர். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் பாலம் உடைந்த விபத்துக்காக ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். இன்றும் அந்த ராஜினாமாவைத்தான் எல்லோரும் பேசுகிறோம். ரயிலை முன்கூட்டியே நிறுத்த வேண்டிய ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ரயிலை எப்படி நிறுத்துவார்?

ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட தூரம் உண்டு. அதன் முடிவில் அடுத்த பேட்ரோல்மேனைச் சந்தித்து ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜல்லி அரித்திருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, பாலத் தூணில் உள்ள அபாயக் குறியைத் தண்ணீர் தொட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே போவார்.

ஆபத்து தெரிந்தால், சிவப்பு விளக்கைக் காட்டியபடி ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். அகலப் பாதை என்றால் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று. இவற்றைத் தண்டவாளத்தின் மேல் பொருத்துவார். சக்கரம் ஏறியதும் 'டமார்' என வெடிக்கும். மழையில் விளக்கு தெரியாவிட்டாலும் லோகோ பைலட்டுக்குச் சத்தம் கேட்டுவிடும்.

அவரே வரவில்லை என்றால்?

இதுதான் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம். குறித்த நேரத்தைத் தாண்டி 15 நிமிடம் ஆகியும் பேட்ரோல்மேன் ஸ்டேஷனுக்கு வந்து சேராவிட்டால், ஏதோ சிக்கல் என்றே ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்துக்கொள்வார். ரயிலை நிறுத்தி, எச்சரிக்கை உத்தரவு எழுதிக் கொடுத்து, வேகத்தைக் குறைத்தே அனுப்புவார்.

பேட்ரோல்மேனுக்கு யார் காவல்?

இப்போது ஜிபிஎஸ் கருவி மூலம் அவர் எங்கே இருக்கிறார் என்று கண்காணிக்க முடிகிறது. ஆனால் பின்னால் வரும் ரயிலைப் பற்றி அது அவருக்குச் சொல்லாது. விழுப்புரம்–திருச்சி பாதை இப்போது இரட்டைப் பாதை. ஒரு ரயிலுக்கு விலகி அடுத்த பாதையில் கால் வைத்தால், எதிரே இன்னொன்று வரலாம். மழை இரைச்சலில் சத்தமும் கேட்காது. ரயில் நெருங்குவதை முன்பே எச்சரிக்கும் 'ரக்ஷக்' கருவியைத் தங்கள் எல்லோருக்கும் கொடுங்கள் என்று டிராக்மேன்கள் கேட்பது இதனால்தான்.