ஐந்து நாடுகளில் ஒரு நகரத்தின் காகிதங்கள்

சண்டிகரின் வரலாற்றை எழுத நினைப்பவர் சண்டிகருக்குப் போனால் மட்டும் போதாது. சிகாகோவுக்குப் போக வேண்டும். பாரிசுக்கும் லண்டனுக்கும் போக வேண்டும். கனடாவின் மொன்றியாலிலும் சில நாட்கள் தங்க வேண்டும். சுதந்திர இந்தியா வெறும் வயல்வெளியில் கோடு போட்டுக் கட்டிய நகரம் அது. கட்டடங்கள் எல்லாம் சிவாலிக் மலையடிவாரத்தில் நிற்கின்றன. அவற்றைப் பெற்றெடுத்த வரைபடங்களும் கடிதங்களும் புகைப்படங்களும் உலகத்தின் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன.

இது யாரோ திருடிக்கொண்டு போனதால் நடந்ததல்ல. நகரம் உருவான விதமே அப்படி.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. அரசு அலுவலகங்கள் சிம்லாவில் ஒண்டிக்கொண்டிருந்தன. லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைக்கூட 1948 ஏப்ரலில் அறுபதுக்கு நாற்பது என்று பங்கு பிரித்தார்கள். இந்தியாவின் பங்காக வந்த காந்தாரச் சிற்பங்கள் ஊர் ஊராக அலைந்து, 1968இல்தான் சண்டிகர் அரசு அருங்காட்சியகத்தில் குடியேறின. அகதிகளாக வந்த மனிதர்களைப் போலவே அகதிகளாக வந்த கற்கள் அவை. புத்தம்புதிய நகரம் என்று எல்லோரும் சொல்லும் ஊரின் அருங்காட்சியகத்தில் பிரிவினையின் பங்குப் பொருள் இருக்கிறது என்பதை அங்கே போகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை.

புதிய தலைநகருக்கான இடத்தை 1948 மார்ச்சில் தேர்ந்தெடுத்தார்கள். திட்டம் வரைய முதலில் அழைக்கப்பட்டவர் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளராக இந்தியா வந்து, நேருவுக்கு அறிமுகமாகி, உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில் கிராம வளர்ச்சித் திட்டம் நடத்தியவர். அவருடன் சேர்ந்தவர் போலந்தில் வளர்ந்த கட்டடக் கலைஞர் மத்தேயு நோவிக்கி. இந்தியக் கடைத்தெருக்களையும் முற்றம் வைத்த வீடுகளையும் உற்றுப் பார்த்து, அவற்றின் இயல்பைப் புதிய நகரத்துக்குள் கொண்டுவர முயன்ற ஓவியங்கள் அவருடையவை. 1950 ஆகஸ்ட் 31 அன்று, இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், எகிப்தில் நடந்த விமான விபத்தில் நோவிக்கி இறந்துபோனார். மேயரும் மெல்ல ஒதுங்க நேர்ந்தது. அவருடைய இந்தியக் காகிதங்கள் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கட்டப்படாமல் போன ஒரு சண்டிகர் அந்தப் பெட்டிகளில் இருக்கிறது. இலை நரம்புகள்போல வளைந்து ஓடும் சாலைகள் கொண்ட நகரம் அது.

நோவிக்கியின் மரணத்துக்குப் பிறகு தலைநகரத் திட்டத்தின் நிர்வாகி பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் கட்டடக் கலைஞர்களைத் தேடி ஐரோப்பா போனார்கள். லண்டனில் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியரைப் பிடித்தார்கள். பாரிசில் லே கார்பூசியேவைச் சந்தித்தார்கள். 1950 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. கார்பூசியே பாரிசை விட்டு நகர மாட்டார். ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போவார். அவருடைய உறவினர் பியேர் ஜானரே சண்டிகரிலேயே தங்குவார். ஃப்ரையும் ட்ரூவும் மூன்று ஆண்டுகள் இருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில்தான் ஆவணங்களின் தலைவிதி எழுதப்பட்டது. முடிவெடுப்பவர் ஓரிடத்திலும் செங்கல் அடுக்குபவர் இன்னோரிடத்திலும் இருந்ததால், பக்கத்து மேஜையில் பேசித் தீர்க்க வேண்டியதெல்லாம் கடிதமானது, தந்தியானது, வரைபடப் பிரதியானது. பேச்சாகக் காற்றில் போயிருக்க வேண்டியது காகிதத்தில் தங்கிவிட்டது. வேலை முடிந்ததும் அவரவர் காகிதம் அவரவரோடு போய்ச் சேர்ந்தது.

பாரிசின் சேவ்ர் தெரு 35ஆம் எண்ணில் இருந்த கார்பூசியேவின் அலுவலகத்தில் கறுப்பு நோட்டு ஒன்று இருந்தது. வரைபலகையிலிருந்து எழும் ஒவ்வொரு தாளுக்கும் அதில் பதிவு உண்டு: எண், தேதி, வரைந்தவர் பெயர். இந்தக் கணக்கு சுத்தம்தான் இன்று ஆய்வாளர்களுக்கு வரம். எந்தத் தூண் எந்த மாதம் இடம் மாறியது, எந்த உதவியாளர் கையில் ஒரு கூரை வளைந்தது என்பதுவரை தேடிப் பிடிக்கலாம். அவருடைய அறக்கட்டளை 1968இல் பாரிசில் தொடங்கப்பட்டது. அதன் வசமுள்ள முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் 1980களில் 32 பெரிய தொகுதிகளாக அச்சாகின. சண்டிகர் அவற்றில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது.

அந்தக் குவியலில் ஒரு தாளைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். அது கட்டடத்தின் படமல்ல, வெயிலின் படம். பஞ்சாபின் பருவநிலையைக் கட்டம் போட்டுப் பிரித்த அட்டவணை. பன்னிரண்டு மாதங்களும் வரிசையாக நிற்கின்றன. காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், சுவரும் தரையும் வீசும் அனல் என நான்கையும் மாதவாரியாகக் குறிக்க வேண்டும். அடுத்த பகுதியில், மனிதர் சுகமாக இருக்க அதில் எதை எவ்வளவு திருத்த வேண்டும் என்பது. மூன்றாவது பகுதியில், அந்தத் திருத்தத்தைக் கட்டடம் எப்படிச் செய்யும் என்பது. இதில் வேலை செய்தவர்களில் ஒருவர் யானிஸ் செனாகிஸ். பின்னாளில் இசையமைப்பாளராக உலகப் புகழ் பெற்றவர். மே மாத அனலையும் ஜூலையின் புழுக்கத்தையும் பாரிசில் உட்கார்ந்துகொண்டு புரிந்துகொள்ள எடுத்த முயற்சி அந்தத் தாள். குளிர்சாதனத்தை நம்பியே கண்ணாடிக் கட்டடம் எழுப்பும் நம் காலத்துக்கு அது இன்னும் தேவைப்படுகிறது.

லண்டனில், பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் சேகரிப்பில் ஃப்ரை, ட்ரூ தம்பதியரின் காகிதங்கள் உள்ளன. கார்பூசியேவின் தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் பெயர் வாங்கின. ஆனால் சண்டிகரில் மக்கள் வாழ்ந்தது இந்த இருவரும் ஜானரேயும் வரைந்த அரசு வீடுகளில். வீடுகளுக்கு வைத்த பெயரிலேயே அந்தக் காலத்து அரசாங்கம் தெரியும். எண் குடியிருப்பவரின் பதவிப் படியைச் சொல்லும். அதையடுத்த ஆங்கில எழுத்து வரைந்தவரைச் சொல்லும். எண் கூடக் கூடப் பதவி இறங்கும். வரிசையின் அடிமட்டத்தில் பதின்மூன்றாம் வகை, அலுவலக உதவியாளரின் வீடு. 13-டி என்ற பெயரில் ‘டி’ எழுத்து ட்ரூவைக் குறிப்பது. சம்பளம் மிகக் குறைந்த ஊழியருக்கும் சமையலறை, கழிப்பறை, பின்முற்றத்தோடு தனி வீடு என்பது 1950களின் இந்தியாவில் சின்ன விஷயமல்ல. பதவி வரிசையை அப்படியே செங்கல்லில் எழுதினார்கள் என்பதும் உண்மை. அந்த வரைபடங்கள் இரண்டையும் மறைக்காமல் சொல்கின்றன.

ஜானரேயின் கதை வேறு. வந்தவர்களில் உண்மையிலேயே தங்கியவர் அவர்தான். 1965 வரை அங்கேயே வாழ்ந்தார். தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தார். இந்திய இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். ஓயாமல் புகைப்படம் எடுத்தார். 1967இல் ஜெனீவாவில் இறந்தார். பின்னர் அவர் விருப்பப்படியே அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். காகிதங்கள் மட்டும் அங்கே வரவில்லை. அவை அவருடைய குடும்பத்தாரின் பாதுகாப்பில் இருந்து, ஜாக்குலின் ஜானரேயின் நன்கொடையாக மொன்றியாலின் கனடியக் கட்டடக்கலை மையத்துக்குப் போயின. அதே மையம் இந்தியர் ஒருவரின் சேகரிப்பையும் பெற்றிருக்கிறது. தாகூர் அரங்கையும் நீலம் திரையரங்கையும் வடிவமைத்த ஆதித்ய பிரகாஷின் காகிதங்கள் அவை. சண்டிகரை வரைந்த இந்தியக் கைகளின் சுவடும் பனி கொட்டும் ஊரில்தான் பாதுகாப்பாக இருக்கிறது என்பது மனதை உறுத்துகிறது. காகிதத்துக்கு வேண்டிய குளிர்ச்சி, பூச்சித் தடுப்பு, பட்டியல் தயாரிக்கும் ஆட்கள் எல்லாம் அங்கே இருந்தன.

ஊரிலேயே இருப்பவை குறைவல்ல. பத்தாம் செக்டார் என்ற வட்டாரத்தில் 1997இல் திறந்த கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் மேயர், நோவிக்கி கால ஆவணங்கள் உண்டு. பத்தொன்பதாம் செக்டாரில் அன்றைய கட்டடக் கலைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்த தாழ்வான அலுவலகம் 2008 முதல் கார்பூசியே மையமாக இருக்கிறது. நேருவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தை அங்கே படிக்கலாம். ஐந்தாம் செக்டாரில் ஜானரே வாழ்ந்த வீடும் 2017இல் அருங்காட்சியகமானது. தேதிகளைப் பாருங்கள். நகரம் திறக்கப்பட்டது 1953இல். தன் காகிதத்தைத் தானே சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் வர அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதற்கு நாற்காலிகளே சாட்சி. அலுவலகங்களுக்காக ஜானரேயின் குழு தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக்கணக்கான நாற்காலிகள், மேஜைகள், அலமாரிகளை வடிவமைத்தது. கால் ஆடியதும் அவை மொட்டை மாடிக்கும் கிடங்குக்கும் போயின. பிறகு பழைய சாமான் ஏலத்தில் சொற்ப விலைக்குப் போயின. வாங்கிய வெளிநாட்டு வியாபாரிகள் மெருகேற்றி, பாரிஸ், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். நாற்காலி முதுகில் அலுவலகத்தார் வெள்ளைப் பெயின்டால் எழுதிய துறைப் பெயரும் இருப்பு எண்ணும் அங்கே அசல் என்பதற்கான அத்தாட்சியாகின. நகர வரைபடத்தையே வார்ப்பில் தாங்கிய பாதாளச் சாக்கடை மூடிகளும் ஏலக்கூடத்துக்குப் போயின. 2011இல் மத்திய அரசு விற்பனைக்குத் தடை போட்டது. அதன் பிறகு நடந்த கணக்கெடுப்பில் 12,000க்கும் மேற்பட்ட பொருட்கள் மிஞ்சியிருப்பது தெரிந்தது. அன்றைய இருப்புப் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருந்தால் எது போனது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

ஆனால் நாற்காலியை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி ஏலக்கூடங்களும் பேசவில்லை, அருங்காட்சியகங்களும் அதிகம் பேசவில்லை.

வெறும் வயல்வெளி என்று மேலே எழுதினோம். திட்டத் தாள்கள் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் அங்கே ஊர்கள் இருந்தன. ரூர்க்கி, நக்லா, காலீபர், பஜ்வாரா என்று பெயரோடும் கிணறுகளோடும் மாந்தோப்புகளோடும் இருந்தன. தலைநகரம் வேண்டாம் என்று கிராமத்தார் கமிட்டி அமைத்துப் போராடியும் நிலம் கைமாறியது. புராயில் 45ஆம் செக்டாருக்கு உள்ளேயும் அட்டாவா 42ஆம் செக்டாருக்கு உள்ளேயும் இன்றும் நெருக்கமான சந்துகளோடு உயிர் பிழைத்திருக்கின்றன. முதல் கட்டத்தில் மாட்டிய ஊர்கள் தடமில்லாமல் போயின. அவற்றின் வரலாறு கட்டடக்கலைக் காப்பகங்களில் இல்லை. நம்மூர்ப் பழைய கர்ணம் போன்ற பட்வாரியின் கட்டுகளில், லட்டா எனப்படும் துணியில் வரைந்த வயல் வரைபடங்களிலும், உருது எழுத்தில் எழுதிய உரிமைப் பதிவுகளிலும் இருக்கிறது. கார்பூசியேவை ஆராயப் பிரெஞ்சு கற்பவர்கள் உண்டு. இதை ஆராய உருது எழுத்து கற்க வேண்டும். அப்படிக் கற்று வருபவர்கள் அரிது.

காகிதமில்லாத இன்னொரு காப்பகம் சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1950களின் இறுதியிலிருந்து, தடை செய்யப்பட்ட காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் ஓர் உலகத்தைச் செய்துகொண்டிருந்தார். உடைந்த பானை, நொறுங்கிய வளையல், இடித்த வீட்டுக் கல். இடிக்கப்பட்ட கிராமங்களின் குப்பையும் அதில் சேர்ந்தது. அவரும் பிரிவினையில் ஊரைவிட்டு வந்தவர். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்திருக்க வேண்டும். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. இடிக்கவில்லை. 1976இல் பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறந்தார்கள். அவருக்குச் சம்பளமும் ஐம்பது தொழிலாளர்களும் கொடுத்தார்கள்.

2016இல் யுனெஸ்கோ, தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் அடங்கிய கேபிடல் வளாகத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பிறகு பழைய வரைபடங்களின் மதிப்பு கூடியிருக்கிறது, நல்லதுதான். கூடவே செய்ய வேண்டிய வேலை ஒன்று நிற்கிறது. கார்பூசியே 1951இல் முதல் முறை வந்தபோது ஓவிய நோட்டில் கிராமங்களை வரைந்தார். காளைகள், கயிற்றுக் கட்டில்கள், மண் சுவர்கள். ஜானரேயின் கேமராவிலும் அந்த ஊர் மனிதர்கள் பதிவானார்கள். படங்களில் பெரும்பாலும் ஆள் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. அந்தப் படங்களின் பிரதிகளை எடுத்துக்கொண்டு, பெயர்ந்துபோன குடும்பங்களின் பெரியவர்களிடம் உட்கார்ந்து, இது யார் வீடு, எந்தக் கிணறு என்று கேட்டு எழுத வேண்டும். 1951இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் எல்லோரும் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.