தடை ஓட்டப் பட்டியலில் காணாமல்போன டில்லார்ட்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தின் மூன்று பதக்கங்களும் அமெரிக்கர்களுக்கே போயின. வில்லியம் போர்ட்டர் 13.9 விநாடியில் தங்கம் வென்றார். அடுத்து கிளைட் ஸ்காட், கிரெய்க் டிக்சன். முடிவுப் பட்டியலில் நான் தேடிய பெயரோ வேறு. அந்த ஆண்டு ஏப்ரலில் கேன்சஸில் 120 கெஜத் தடை ஓட்டத்தை 13.6 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்த ஹாரிசன் டில்லார்ட், முதல் சுற்றில்கூட இல்லை. காயமோ என்று சந்தேகப்பட்டுப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினால், ஆள் 100 மீட்டர் ஓட்டத்தில் இருக்கிறார், அதுவும் முதலிடத்தில்.

விடை லண்டன் ஆவணங்களில் கிடைக்காது. எவன்ஸ்டனில் ஜூலை மாதம் நடந்த அமெரிக்கத் தேர்வுப் போட்டிக்குப் போகவேண்டும். அங்கே முதல் மூவருக்குத்தான் கப்பல் டிக்கெட். பழைய பெருமை எதுவும் செல்லாது. 106.7 சென்டிமீட்டர் உயரத்தில் பத்துத் தடைகள், ஒன்றுக்கொன்று 9.14 மீட்டர் இடைவெளி, அதற்குள் மூன்றே எட்டு. ஒரு தடையில் கால் இடித்தால் எட்டு குறுகும், அடுத்த தடைக்குத் தாவும் இடம் தவறும், மறுபடி இடிக்கும். டில்லார்டுக்கு அதுதான் நடந்தது. தடைமேல் தடையாக இடித்து, பாதியிலேயே நின்றுவிட்டார். ஆனால் 100 மீட்டரில் மூன்றாவதாக வந்திருந்ததால் அணியில் இடம் இருந்தது.

இதை அதிர்ஷ்டம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1947 முதல் 1948 ஜூன் வரை அவர் தொடர்ந்து வென்ற 82 போட்டிகளை எல்லோரும் தடை ஓட்டக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். அவற்றில் தடையில்லாத குறுந்தூர ஓட்டங்களும் உண்டு. லண்டனுக்குப் போனவர் ஒப்புக்கு 100 மீட்டர் ஓட வந்தவர் அல்ல. இறுதியில் பார்னி யூவெல் தானே வென்றதாக நினைத்துத் துள்ளினார். எல்லைக்கோட்டுப் புகைப்படமோ டில்லார்ட் பக்கம் நின்றது. நேரம் 10.3 விநாடி.

1952 ஹெல்சிங்கி முடிவில் எனக்கு இன்னொரு முடிச்சு. தடை ஓட்டத்தில் டில்லார்ட் 13.7, ஜாக் டேவிஸ் 13.7. நேரம் ஒன்றே என்றால் தங்கம் ஒருவருக்கு மட்டும் எப்படி? கையில் பிடித்த கடிகாரம் விநாடியில் பத்தில் ஒரு பங்குவரைதான் சொல்லும். மின் கடிகாரப் பதிவை எடுத்துப் பார்த்தால் டில்லார்ட் 13.91, டேவிஸ் 14.00. கை நேரம் குறைவாக இருப்பதும் புதிரில்லை: துப்பாக்கி வெடித்ததைக் கண்டு நடுவர் பொத்தானை அழுத்தும் தாமதம் ஓடுபவர் கணக்கில் வரவாகிவிடும். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கத்தையும் 110 மீட்டர் தடை ஓட்டத் தங்கத்தையும் சேர்த்து வென்ற ஆண் இன்றுவரை டில்லார்ட் ஒருவர்தான்.

டேவிஸின் கதை அதோடு முடியவில்லை. 1956 மெல்பர்னில் அவருக்கும் லீ கால்ஹூனுக்கும் 13.5 என்றே பதிவாகியிருக்கிறது, தங்கம் கால்ஹூனுக்கு. அடுத்து அந்தப் பதிவுகளைத்தான் கிளறவேண்டும்.